ஒற்றியும் வாடகையும்: ஒரு சிறு வீட்டின் கணக்கு

குமரி மாவட்டத்துத் திற்பரப்பைச் சிவாலய ஓட்டத்துத் தலங்களுள் ஒன்றாகச் சிலர் அறிவர். கோதையாறு பாறைச் சரிவில் அருவியாக விழும் இடமாகப் பலர் அறிவர். ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள். அருவி காண வருவோரை நம்பிய கடைகள் ஒருபுறம்; அருகிலுள்ள குலசேகரத்தின் சந்தையும் மருத்துவக் கல்லூரியும் மற்றொருபுறம். ஆகவே இப்பகுதியில் வாடகைக்கு வீடு தேடுவோர் எக்காலமும் உண்டு.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கே ஒரு சிறு வீட்டை வாங்க முனைந்தார். பள்ளிக்கூடமொன்றில் அரபி கற்பிப்பவர். இரண்டு பிள்ளைகளின் தந்தை. வீடு கீழும் மேலுமாக இரு பகுதிகள் கொண்டது. கீழே தாம் குடியிருப்பது, மேல்பகுதியை வாடகைக்கு விடுவது என்பது அவர் திட்டம். விலை 30 லட்சம் ரூபாய். சேமிப்பும் மனைவியின் நகையும் பூர்வீக விளையில் கிடைத்த பங்கும் சேர்ந்து 24 லட்சம் தேறிற்று. எஞ்சியது 6 லட்சம். வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்போதுதான் தரகர் ஒரு வழி சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"உஸ்தாத், மேல் வீட்டை மூன்று வருஷம் ஒற்றிக்குக் கேட்கிறார்கள். ஆறு லட்சம் தருவார்கள். பத்திரத்தை முடித்துவிடலாம். ஊரில் எல்லாரும் செய்வதுதானே, இது கூடுமா?"

கூடும், கூடாது என்று தீர்ப்பளிப்பது முஃப்திகளின் பொறுப்பு. ஆனால் அவருடைய கேள்வி புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பல நாட்டு முஸ்லிம்கள் இதே கேள்வியைத் தம் அறிஞர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றையும், அது எனக்குக் கற்றுத்தந்த ஒரு கணக்கையும் இங்கு எழுதுகிறேன்.

ஒற்றியின் இயல்பு

பேச்சில் 'ஒத்தி' என வழங்கும் ஒற்றியை வடமாவட்டத்தார் போக்கியம் என்பர். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுக்கிறார். தவணை முடியும்வரை வாடகையின்றிக் குடியிருக்கிறார். வெளியேறும்போது கொடுத்த தொகையைக் குறைவின்றித் திரும்பப் பெறுகிறார். உரிமையாளர் வட்டி கொடுப்பதில்லை, குடியிருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. இருவருக்கும் இது வட்டியில்லாத ஏற்பாடாகவே தோன்றுகிறது.

மாணவரின் மேல்பகுதி மாதம் 5,000 ரூபாய் வாடகை பெறக்கூடியது. ஆண்டுக்கு 60,000. ஒற்றித் தொகையான 6 லட்சத்திற்கு இது நூற்றுக்குப் பத்து. மூன்றாண்டில் 1,80,000 ரூபாய் பெறுமான குடியிருப்பை அனுபவித்தபின்னும் 6 லட்சக் கடன் 6 லட்சமாகவே நிற்கும். நாட்டுச் சட்டம் இதனை மறைக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அனுபவ அடமானத்தை விளக்குமிடத்து, சொத்தின் வருவாயை வட்டிக்கு ஈடாகவோ, அசலுக்கு ஈடாகவோ கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என வகைப்படுத்துகிறது. 'வட்டிக்கு ஈடாக', 'அசலுக்கு ஈடாக' என்ற இவ்விரு வகைகளுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் இக்கட்டுரையின் பொருள்.

நம் மண்ணில்

தென் திருவிதாங்கூர் நிலத்தின் பயனைப் பங்கிடுவதில் நீண்ட பழக்கமுள்ள நாடு. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் வேணாட்டு மன்னர் ரவி கேரளவர்மரின் கல்வெட்டு ஒன்று உண்டு. கொல்லம் 410, அதாவது கி.பி. 1235ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேராசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து அறிவுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அரசு அலுவலரும் ஊர்ச் சபையாரும் கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டை அது கூறுகிறது. விளைச்சல் பொய்த்தால் அதனை ஆய்ந்தறிந்து அரசிறை குறைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பயனில் பங்கு கேட்பவன் இழப்பிலும் பங்கேற்க வேண்டும் என்ற நியாயம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் கல்லில் ஏறியிருக்கிறது.

ஒற்றியின் போக்கு இதற்கு மாறானது. காணம், ஒற்றி முதலிய உரிமை வகைகள் மலையாள நாடு முழுவதும் பரவியிருந்தன. மலபாரின் நிலமுறைகளை 1887இல் விரிவாக எழுதிய வில்லியம் லோகன் உள்ளிட்டோரின் பதிவுகளிலிருந்து அவற்றின் தன்மை தெரிகிறது. ஒற்றியில் முன்பணம் மிகப் பெரியது. அதற்கான வட்டியே நிலத்தின் விளைவு முழுவதையும் விழுங்கிவிடும். உடையவரிடம் எஞ்சுவது பெயரளவிலான உரிமை. அவர் விற்க விரும்பினாலும் முதலில் ஒற்றிதாரருக்கே விற்க வேண்டும் என்ற முன்வாங்குரிமையும் வழக்கில் இருந்தது.

1865ஆம் ஆண்டு, கொல்லம் 1040இல், ஆயில்யம் திருநாள் மகாராஜாவும் திவான் மாதவராவும் வெளியிட்ட பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலத்துக் குடிகளுக்கு முழு உரிமை வழங்கிற்று. விற்கவும் அடமானம் வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் அவர்கள் உரிமை பெற்றனர். சிறு குடியானவன் தன் பெயரில் நிலம் வாங்குவதற்கு வழி திறந்த ஆணை அது. ஆனால் விற்கும் உரிமை வந்தபோதே ஒற்றி வைக்கும் உரிமையும் உடன்வந்தது. வாங்கிய நிலம் கையைவிட்டுப் போவதற்கும் அதுவே வழியாயிற்று.

இதனை ஏட்டில் மட்டும் படித்தவனல்லன் நான். என் பாட்டனார் கொல்லம் 1110ஐ ஒட்டிய ஆண்டுகளில், மகளின் திருமணத்திற்காகத் தம் தென்னந்தோப்பைச் சில நூறு ரூபாய்க்கு ஒற்றி வைத்தார். ஒற்றி வாங்கியவர் கெட்டவரல்லர். பெருநாளன்று எங்கள் வீட்டிற்குத் தேங்காய் அனுப்பியவர். ஆயினும் ஆண்டுதோறும் காய் வெட்டு அவருக்கு. கடன் மட்டும் எங்களுக்கு. தோப்பின் வருவாய் இல்லாத குடும்பம் தோப்பை மீட்கும் பணத்தை எங்கிருந்து சேர்க்கும்? பாட்டனார் இறந்தபின் என் தந்தையாரும் அவர் உடன்பிறந்தோரும் கூடிப் பேசி, ஒரு சிறு தொகையை மேற்கொண்டு பெற்றுக்கொண்டு அதே மனிதருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தனர். முப்பது ஆண்டுக் காய் வெட்டு கடனில் ஒரு காசைக்கூடக் கழிக்கவில்லை என்பதை என் தந்தையார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர் 'எல்லாரும் செய்வதுதானே' என்றபோது எனக்கு நினைவில் வந்தது அந்தத் தோப்பு.

புகாராவின் கடனாளிகள்

நம் நாட்டு ஒற்றியின் உடன்பிறப்பு ஒன்று மத்திய ஆசியாவில் தோன்றிற்று. கடன் கொடுத்துக் கூடுதல் பெறுவது ஹராம் என்பதில் முஸ்லிம்களிடையே ஐயமில்லை. கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் எப்பயனும் அவ்வகையைச் சாரும் என்பதிலும் நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் ஒன்றுபட்டனர். அடமானம் பெற்றவர் அடமானப் பொருளை அனுபவிக்க வேண்டும் என்று கடனில் நிபந்தனையிடுவது செல்லாது. அப்படியானால் பணம் வேண்டுபவர் என்ன செய்வார்?

ஹிஜ்ரி ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் புகாரா, சமர்கந்து வட்டார மக்கள் ஒரு வழி கண்டனர். வீட்டையோ தோட்டத்தையோ 'விற்பது'. பணத்தைத் திருப்பித் தரும் நாளில் பொருளைத் திருப்பித் தருவதாக வாங்கியவர் வாக்களிப்பது. வாக்கை நிறைவேற்றும் விற்பனை என்ற பொருளில் இது 'பைஉல் வஃபா' எனப்பட்டது. பெயர் விற்பனை, நடப்பது ஒற்றி.

அவ்வட்டார ஹனஃபீ அறிஞர்கள் இதனைக் கண்டு பலவாறாகப் பிரிந்தனர். இது செல்லத்தக்க விற்பனையே என்றனர் சிலர். பெயர் எதுவாயினும் இது அடமானமே, ஆகவே பயனை அனுபவிக்க இயலாது என்றனர் வேறு சிலர். இரண்டும் கலந்த புதிய ஒப்பந்தம் என்றோரும் உண்டு. ஹிஜ்ரி 592இல் மறைந்த காளீகான் போன்றோரின் ஃபத்வாத் தொகுப்புகளில் இவ்வேறுபாடுகள் இடம்பெற்றுள்ளன. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் எகிப்தின் இப்னு நுஜைம், பொதுத்தேவை சில வேளை நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பெறும் என்ற விதிக்கு எடுத்துக்காட்டாக இதனைக் குறிக்கிறார். புகாரா மக்கள்மீது கடன் பெருகியபோதே இதற்கு அனுமதி வழங்கப்பட்டது என்பது அவர் தரும் விளக்கம். அனுமதித்தவர்களும் அகமகிழ்ந்து அனுமதிக்கவில்லை. கடனில் மூழ்கியவனுக்கு வேறு கதவு இல்லை என்று கண்டே அனுமதித்தனர். இது கருத்தில் கொள்ளத்தக்கது.

ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த ஹள்ரமவ்த்திலும் 'பைஉல் உஹ்தா' என்ற பெயரில் இதே வழக்கம் வேரூன்றிற்று. உஸ்மானியப் பேரரசில் இது வேறு வடிவமும் பெற்றது. பணமுடையவர் வீட்டைப் பைஉல் வஃபா முறையில் வாங்கி, விற்றவருக்கே வாடகைக்கு விட்டார். கடன்பட்டவர் தம் சொந்த வீட்டிலேயே வாடகைக் குடியானார். இதற்கு 'இஸ்திக்லால்' என்று பெயர். பணத்தை மூலதனமாகக் கொண்ட பல வக்ஃபுகள் இம்முறையில் வருவாய் ஈட்டின. பண வக்ஃபை ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் ஆதரித்ததும், இமாம் பிர்கிவீ கடுமையாக எதிர்த்ததும் பதினாறாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற விவாதம். 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற மஜல்லா சட்டத்தொகுப்பு பைஉல் வஃபாவையும் இஸ்திக்லாலையும் வரையறுத்துச் சட்டமாக்கிற்று. பின்னர், 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஏழாவது அமர்வு, பைஉல் வஃபா உண்மையில் பயன் ஈட்டும் கடனே என்று கூறி அதனை ஏற்க மறுத்தது.

இந்த நெடிய விவாதத்தை மரபுச் சண்டையாகப் பார்ப்பது தவறு. வாழ்வின் நெருக்கடியும் வட்டியின் விலக்கும் மோதும் இடத்தில் பொறுப்புள்ள மனிதர்கள் பட்ட பாடு அது. அனுமதித்தவர்கள் கடனாளியின் இன்றைய துயரைக் கண்டனர். மறுத்தவர்கள் அவன் பேரப்பிள்ளையின் நாளைய துயரைக் கண்டனர். என் பாட்டனாரின் தோப்பு இரண்டாமவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

வாடகை வீட்டின் வரலாறு

அவ்வாறாயின் வீட்டின் மூலம் வருவாய் ஈட்டுவதே ஐயத்திற்குரியதா எனில், இல்லை. வாடகையை இஸ்லாமியச் சட்டம் 'இஜாரா' என்ற தனி ஒப்பந்தமாக விரிவாக வகுத்திருக்கிறது. பொருளின் பயன் யாருக்கோ, அதன் இழப்புப் பொறுப்பும் அவருக்கே என்பது நபிமொழி ஒன்றின் வழி வந்த அடிப்படை விதி. வாடகை பெறும் உரிமையாளர் கூரை ஒழுகினால் பழுது பார்க்கிறார். சுவர் இடிந்தால் இழப்பை ஏற்கிறார். அப்பொறுப்பே அவருடைய வருவாயை நியாயமாக்குகிறது. ஒற்றிதாரரின் 6 லட்சமோ எந்த மழைக்கும் நனையாதது.

குடியிருந்துகொண்டே வாடகைக்கு விடும் வழக்கமும் பழமையானது. பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் 1047இல் எகிப்து சேர்ந்தார். பழைய தலைநகரான ஃபுஸ்தாத்தில் ஏழு தளங்களும் பதினான்கு தளங்களும் கொண்ட வீடுகளைக் கண்டதாக எழுதினார். கெய்ரோவில் கலீஃபாவுக்குச் சொந்தமான ஆயிரக்கணக்கான வீடுகள் மாத வாடகைக்கு விடப்பட்டிருந்தன, யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, விரும்பியோர் குடிபுகுந்தனர், விரும்பியோர் வெளியேறினர். அவர் தங்கியிருந்த வீடு நான்கு தளங்கள் கொண்டது. மூன்று தளங்களை வாடகைக்கு விட்டிருந்த உரிமையாளர், குடியிருந்தவர் கூடுதல் வாடகை தர முன்வந்தும், மேல்தளத்தை மட்டும் விடவில்லை. என்றாவது தாம் வந்து தங்க வேண்டியிருக்கலாம் என்பது அவர் கூறிய காரணம். நாஸிர் அங்கிருந்த ஓராண்டில் அவர் இருமுறைகூட வரவில்லையாம்! தன் வீட்டில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை ஆயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

ஃபுஸ்தாத்தின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனீஸா ஆவணங்கள் இன்னும் நுட்பமான செய்திகளைத் தருகின்றன. அவற்றை ஆராய்ந்த கொய்டைன், அக்காலத்து மக்கள் ஒரு வீட்டை 24 கீராத்துப் பங்குகளாகக் கருதி வாங்கியும் விற்றும் வந்ததை விளக்கியுள்ளார். ஒருவர் ஆறு பங்கு, அவர் சகோதரி மூன்று பங்கு என உரிமை பிரிந்திருக்கும். பங்காளிகளுள் ஒருவர் அவ்வீட்டில் குடியிருக்க, எஞ்சிய பகுதி வாடகைக்கு விடப்பட்டிருக்கும். முழு வீடு வாங்க இயலாதவர் கடன்பட்டு முழு வீடு வாங்கவில்லை. தம்மால் இயன்ற பங்கை வாங்கினார். யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த நகரின் பொது வழக்கம் இது.

ஒரே கூரையின் கீழ்

வாடகைக்காரரோடு ஒரே கட்டடத்தில் வாழும் உரிமையாளருக்கு வேறொரு பெயரும் உண்டு: அண்டை வீட்டார். 622இல் மதீனா வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பள்ளிவாசலும் அதனை ஒட்டிய அறைகளும் எழும்வரை சுமார் ஏழு மாதங்கள் அபூ அய்யூபுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கியதை யாவரும் அறிவோம். காண வருவோருக்கு எளிதாக இருக்கும் என்று பெருமானார் கீழ்த்தளத்தைத் தேர்ந்தனர். வீட்டுக்காரரும் அவர் துணைவியும் மேல்தளத்தில் இருந்தனர். ஒருநாள் மேலே தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. நீர் கீழே சொட்டிவிடுமே என அஞ்சிய இருவரும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அதனைத் துடைத்தெடுத்தனர். அது வாடகை வீடு அன்று. விருந்தினருக்குத் திறந்த வீடு. ஆயினும் மேலும் கீழுமாக வாழ்வோர் அனைவருக்கும் அந்தப் போர்வையில் பாடம் இருக்கிறது. வீடு நம்முடையதுதான், ஆனால் சொட்டும் நீர் விழுவது பிறர்மீது.

மாணவரின் கணக்கு

இவ்வளவையும் மாணவரிடம் கூறியபின் இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒற்றி கேட்டவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் கரையாமல் இருக்க வேண்டும், வாடகைச் சுமையும் இருக்கக் கூடாது என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் மூன்றாண்டு கழித்து அந்த 6 லட்சத்தை எங்கிருந்து எடுப்பது? ஊரில் பலர் செய்வதுபோல அடுத்த ஒற்றிதாரரிடம் வாங்கி முதலாமவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். அப்படியே போனால் அவ்வீடு அவருக்கு வாடகை ஈட்டும் நாள் வரவே வராது. அவர் வாங்க நினைத்தது வருவாய் தரும் வீடு. கைக்கு வரவிருந்ததோ கடன் தங்கும் வீடு.

ஃபுஸ்தாத்தின் கீராத்து முறையையே எடுத்துக்கொண்டோம். 30 லட்சத்தை 24 பங்காக்கினால் ஒரு பங்கு 1,25,000. அவருடைய மைத்துனர் 5 லட்சம் கடனாகத் தர இசைந்திருந்தார். கடன் வேண்டாம், நான்கு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார் மாணவர். எஞ்சியது ஒரு லட்சம். மேல்பகுதிக்கு வந்த வேறொரு குடும்பம் 24 மாத வாடகையை, அதாவது 1,20,000 ரூபாயை, முன்கூட்டியே தர ஒப்பிற்று. அதில் ஆறில் ஒரு பங்கு, 20,000 ரூபாய், மைத்துனரின் உரிமை. மீதம் சரியாக ஒரு லட்சம்.

இந்த முன்வாடகைக்கும் ஒற்றிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இரண்டிலும் குடிவருபவர் முதலில் மொத்தத் தொகை தருகிறார். ஆனால் முன்வாடகையில் ஒவ்வொரு மாதமும் 5,000 கழிகிறது. பன்னிரண்டாம் மாத இறுதியில் வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால், மீதமுள்ள 60,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தங்கிய மாதங்களுக்கு யாரும் யாருக்கும் கடனாளியில்லை. சொத்து மாற்றச் சட்டம் பிரித்துக் காட்டிய இரு வகைகளுள் 'அசலுக்கு ஈடாக' என்பதன் உயிர் இதுவே. நாள் நகரக் கடன் கரைகிறதா, நாள் நகர்ந்தும் கடன் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஒப்பந்தத்தின் பெயர் எதுவாயினும் அதன் தன்மை விளங்கிவிடும்.

கீழ்ப்பகுதியில் மாணவர் குடியிருப்பதால், மைத்துனரின் பங்கிற்குரிய வாடகையாக மாதம் 833 ரூபாய் அவருக்குத் தருகிறார். பழுது பார்க்கும் செலவிலும் வீட்டு வரியிலும் மைத்துனர் ஆறில் ஒரு பங்கை ஏற்கிறார். பணம் சேரச் சேர அப்பங்குகளை அன்றைய மதிப்பில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வது இருவரின் எண்ணம். இரு பெயரிலும் பத்திரம் பதிவாயிற்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைச் சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி இறைமறை முன்பே பணித்த சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று. ஆயினும் உறவினருக்கிடையே எழுதக் கூசும் நம் வழக்கம் மாற வேண்டும்.

இவ்வழி எல்லாருக்கும் வாய்க்காது. 5 லட்சம் வைத்திருக்கும் மைத்துனர் எல்லாருக்கும் இல்லை. மைத்துனர் இல்லாதவருக்கு மஹல்லா ஜமாஅத் பங்காளியாகலாம். பைத்துல்மாலும் வசதியுள்ளோரும் கூடி, சிறு வீடு வாங்க முனைவோரின் சில கீராத்துகளை ஏற்று, வாடகையில் உரிய பங்கைப் பெற்று, பின்னர் அவற்றை அவருக்கே விற்றுவிடலாம். கடன் கொடுத்துத் திரும்ப வராது என அஞ்சும் ஜமாஅத்தினர்க்கு இதில் மனையே பிணை. வாங்குபவருக்கோ வட்டியுமில்லை, ஒற்றியுமில்லை.

கடந்த தென்மேற்குப் பருவமழையின்போது அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. அருவியின் இரைச்சல் திண்ணைவரை கேட்டது. மேல்தளத்தில் ஓரிடத்தில் ஒழுக்கு. மாணவர் கொத்தனாரை அழைத்துவந்து மாடியில் நின்றுகொண்டிருந்தார். "வாடகை வாங்கியாச்சு, ஒழுக்கையும் நாம்தானே உஸ்தாத் பார்க்கணும்" என்றார். செலவு 3,000 ரூபாய். அதில் மைத்துனரின் பங்கு 500 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.